திங்கட்கிழமை வயிற்று வலி

"டாக்டர், பிள்ளைய டியூஷன் அனுப்பலாமா, வேண்டாமா?"

சளி, காய்ச்சலுக்கு அடுத்தபடியா ஓசூர் அம்மாக்கள் என்கிட்ட அதிகம் கேக்கற கேள்வி இதுதான். ஒரு வரியில பதில் சொல்ல முடியாது. அதனால இந்த நீண்ட இழை. பொறுமையா படிங்க, உங்க வீட்டுப் பிள்ளைக்கு உதவும்.

முதல்ல நான் பண்ண ஒரு தப்பச் சொல்லிடறேன்.

2022 ஜூலை. பாகலூர் ரோடு பக்கத்துல இருந்து ஒரு அம்மா, ஏழாவது படிக்கிற பொண்ணைக் கூட்டிட்டு வந்தாங்க. தொப்புளைச் சுத்தி வலி. வாந்தி இல்ல, காய்ச்சல் இல்ல. வயித்த அமுக்கிப் பாத்தேன், ஒண்ணும் இல்ல. அசிடிட்டிக்கு சிரப் எழுதி அனுப்பிட்டேன்.

ரெண்டு வாரத்துல திரும்ப வந்தாங்க. பூச்சி மாத்திரை கொடுத்தேன்.

மூணாவது தடவை வந்தப்ப ஸ்கேன். நார்மல்.

அந்த அம்மா ரோஜா பாலிஹவுஸ்ல பூ கட்டுற வேலை. அப்பா சிப்காட்ல ஒரு சின்ன யூனிட்ல ஷிப்ட் வேலை. ஸ்கேன் செலவுக்கு அவங்க ரெண்டு நாள் கூலி போயிருக்கும். ரிப்போர்ட்ட கையில வச்சுக்கிட்டு, "ஒண்ணும் இல்லம்மா"ன்னு சொன்னேன். அவங்க கேட்டாங்க:

"ஒண்ணும் இல்லன்னா ஏன் சார் திங்கட்கிழமை மட்டும் வலிக்குது?"

மூணு விசிட்ல நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அவங்க கேட்டாங்க.

திங்கட்கிழமை என்னன்னு விசாரிச்சேன். வாராவாரம் அன்னிக்குத்தான் மேத்ஸ் டெஸ்ட்.

இங்க ஒரு மருத்துவக் குறிப்பு. பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு அடிக்கடி வரும் வயிற்று வலியில் பெரும்பாலானவற்றுக்கு ஸ்கேனிலோ ரத்தப் பரிசோதனையிலோ காரணம் தெரியாது. அதற்காகப் பிள்ளை நடிக்கிறது என்று அர்த்தமில்லை. மூளைக்கும் குடலுக்கும் நேரடி நரம்புத் தொடர்பு உண்டு. பயம் வந்தால் குடல் இறுகும். வலி நிஜம்.

ஆனா இரவுத் தூக்கத்துல எழுப்பற வலி, எடை குறையறது, மலத்துல ரத்தம், விடாத வாந்தி, காய்ச்சல், வலது பக்கக் கீழ்வயிறுல வலி, இதுல ஏதாவது ஒண்ணு இருந்தா "பரீட்சை பயம்"னு நீங்களா முடிவு பண்ணாதீங்க. உடனே டாக்டர்கிட்ட போங்க.

சரி, கதைக்கு வருவோம்.

"டியூஷன் போகுதா?"ன்னு கேட்டேன்.

"போகுது சார். மாசம் அறுநூறு கட்டறோம். தினம் ரெண்டு மணி நேரம்."

நோட்ட கொண்டு வரச் சொன்னேன். அடுத்த நாள் கொண்டு வந்தாங்க. அழகான கையெழுத்து. எல்லா ஹோம்வொர்க்கும் முடிஞ்சிருந்தது. நடுவுல ஒரு பக்கத்துல இந்தக் கணக்கு:

402 - 178 = 376

சிவப்பு மையில ஒரு எக்ஸ். பக்கத்துல சரியான விடை 224. அதுக்குக் கீழ அந்தப் பொண்ணு 224ன்னு மூணு தடவை எழுதியிருந்தது.

அந்த 376 எப்படி வந்துச்சுன்னு பாருங்க. நாலுல ஒண்ணு போனா மூணு. பூஜ்யத்துல ஏழு போகாது, அதனால ஏழுல பூஜ்யம், ஏழு. ரெண்டுல எட்டு போகாது, அதனால எட்டுல ரெண்டு, ஆறு. ஆக, 376.

இது கவனக்குறைவு கிடையாது. பெரிய எண்ணுல சின்ன எண்ணக் கழிக்கணும்னு அந்தப் பிள்ளை மனசுல ஒரு விதி இருக்கு, அதை ஒழுங்கா ஃபாலோ பண்ணுது. கடன் வாங்கிக் கழிக்கிறது இன்னும் உறுதியா பதியல. அது கீழ் வகுப்புப் பாடம். இவ படிக்கிறது ஏழாவது. இந்த நிலைமையில பின்னம், அல்ஜீப்ரால்லாம் எப்படி ஏறும்?

ஏன் இப்படி ஆச்சு? வருஷத்த எண்ணிப் பாருங்க. 2020 மார்ச்ல ஸ்கூல் மூடினப்ப அவ நாலாவது. ஐந்தாவது முழுசும் வீட்டுல. ஒண்ணு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு தமிழ்நாட்டுல பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1. அப்ப அவ ஆறாவது. நாலாவது முடிக்காம போன பிள்ளை ஆறாவதுல போய் உக்காந்துச்சு.

இன்னொரு விஷயமும் இருக்கு. அஞ்சாவது வரைக்கும் தமிழ் மீடியம். ஆறாவதுல அரசுப் பள்ளியிலேயே இங்கிலீஷ் மீடியம் பிரிவுல சேத்துட்டாங்க. அப்பா சொன்ன காரணம் நியாயமானது: "கம்பெனில சூப்பர்வைசர் எல்லாம் இங்கிலீஷ், இந்திலதான் சார் பேசறாங்க. நாங்க கடைசி வரைக்கும் மெஷின்கிட்டயே நிக்கறோம்."

இந்த ஊரைப் பத்தித் தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. ஓசூர்ல ஒரு பிள்ளைக்கு வீட்டுல தெலுங்கு, தெருவுல கன்னடம், ஸ்கூல்ல தமிழ், பாடப்புத்தகத்துல இங்கிலீஷ், பக்கத்து வாடகை வீட்டு ஒடிசாக்காரப் பசங்களோட விளையாட இந்தி. அத்திப்பள்ளி போயிட்டா கர்நாடகா. இது குறை இல்ல, வரம். ஆனா எந்த மொழியில கணக்கு யோசிக்கிறதுன்னு பிள்ளைக்கு யாரும் சொல்லித் தர்றதில்ல.

எனக்கும் வீட்டு மொழி தெலுங்குதான். ஸ்கூல் புக்குல இருந்த ஒரு கணக்க அவகிட்ட இங்கிலீஷ்ல படிச்சுக் காட்டினேன். பூக்கடைக்காரர்கிட்ட 340 ரோஜா, ஒவ்வொரு கட்டுக்கும் இருபது, "ஹவ் மெனி பன்ச்சஸ் கேன் ஹி மேக்?"

தலையக் குனிஞ்சுக்கிச்சு. அழுகை வர்ற மாதிரி ஆயிடுச்சு.

அதையே தெலுங்குல கேட்டேன். "அம்மா கூட லீவு நாள்ல போறல்ல? 340 பூ இருந்தா எத்தனை கட்டு வரும்?"

"பதினேழு சார்."

யோசிக்கவே இல்ல. பேப்பர், பேனா எதுவும் இல்ல.

அவங்க அம்மா என்னைப் பாத்தாங்க. நான் அவங்களைப் பாத்தேன்.

இது இந்த ஒரு பொண்ணோட கதை மட்டும் இல்லங்க. டெல்லி, கொல்கத்தா சந்தைகள்ல வியாபாரம் பண்ற பிள்ளைகளைப் பத்தி பொருளாதார நிபுணர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ குழு செய்த ஆய்வு 2025ல் நேச்சர் இதழில் வந்தது. தராசுக்கு முன்னாடி மனக்கணக்கு பிசகாம சொல்ற பிள்ளைகள், அதே அளவு கணக்க ஸ்கூல் முறையில எழுதிக் கொடுத்தா தடுமாறினாங்க. ஸ்கூல்ல நல்லா படிச்ச பிள்ளைகள் சந்தைக் கணக்குல தடுமாறினாங்க. நடுவுல பாலம் இல்ல.

ஒரு நல்ல டியூஷன் செய்ய வேண்டிய வேலை இந்தப் பாலத்தைக் கட்டறதுதான்.

அந்த அறுநூறு ரூபா டியூஷன் என்ன பண்ணுச்சு? ஒரே ஹால்ல நாப்பது பிள்ளைங்க, மூணாவதுல இருந்து ஒம்பதாவது வரைக்கும். மறுநாள் ஹோம்வொர்க்க முடிச்சு அனுப்பறதுதான் வேலை. டீச்சர் மேல எனக்குக் கோபம் இல்ல. நாப்பது நோட்டுல யாரு எந்த இடத்துல வழுக்குறான்னு தனியாளா பாக்க முடியாது. விடை தப்பா? சரியானத எழுதிப் போடு. அடுத்த நோட்டு.

நான் மட்டும் என்ன பண்ணேன்? வயிறு வலியா? சிரப். திரும்ப வலியா? பூச்சி மாத்திரை. அவங்க 224ன்னு எழுதிக் கொடுத்தாங்க, நான் மருந்துச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். எங்க கோளாறுன்னு ரெண்டு பேரும் பாக்கல.

இப்ப ஆய்வுகள் என்ன சொல்லுதுன்னு பாப்போம்.

தமிழக அரசு 2021 அக்டோபர் 27 அன்று, விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. ஒண்ணு முதல் எட்டு வரை படிக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் ஒன்று முதல் ஒன்றரை மணி நேர வகுப்பு நடந்தது. சொல்லிக் கொடுத்தவர் அதே தெருவில் இருந்த தன்னார்வலர், பெரும்பாலும் பெண்கள். ஒருவருக்குச் சுமார் இருபது பிள்ளைகள். மாத ஊக்கத்தொகை 1,000 ரூபாயாக இருந்தது. உச்சத்தில் சுமார் இரண்டு லட்சம் தன்னார்வலர்கள் இருந்தார்கள். பின்னால் எண்ணிக்கை குறைக்கப்பட்டது.

அபிஜீத் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய மூவர் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள். 2021 டிசம்பரில் பார்த்தபோது, கொரோனாவுக்கு முன் அதே வயதில் இருந்த பிள்ளைகளைவிட மிகவும் பின்தங்கியிருந்தார்கள். மொழியைவிடக் கணக்கில் இழப்பு அதிகம். ஆனால் பள்ளி திறந்து ஆறு மாதத்திற்குள் இழந்ததில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வி வகுப்புகளால் வந்தது என்று கணக்கிட்டார்கள்.

ரெண்டு விஷயம் கவனிங்க. ஒண்ணு, மீட்சியில பெரும்பங்கு ஸ்கூல் திறந்ததால வந்தது. டியூஷன் ஸ்கூலுக்கு மாற்று கிடையாது. ரெண்டு, அந்த ஆய்வு அளந்தது கணக்கும் தமிழும். இங்கிலீஷ் அதுல இல்ல. அதனால இங்கிலீஷ் பத்தி நான் சொல்றது என் அனுபவம் மட்டும்தான்.

இன்னொரு பழைய ஆய்வு, 2007ல் வெளியானது. மும்பை, வதோதரா நகராட்சிப் பள்ளிகளில் பின்தங்கிய பிள்ளைகளைத் தனியே கூப்பிட்டு, 15 முதல் 20 பேர் கொண்ட குழுவாக, தினமும் ரெண்டு மணி நேரம் அடிப்படைப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். சொல்லிக் கொடுத்தது அதே பகுதியில் பள்ளி முடித்த இளம்பெண்கள். பி.எட். கிடையாது. ஆனாலும் பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள், அதிகம் பின்தங்கியவர்கள் அதிகம் முன்னேறினார்கள்.

பெரிய பில்டிங், ஏசி ரூம், விலை உயர்ந்த புத்தகம் எதுவும் அதுல இல்ல. பிள்ளை நிக்கற இடத்துல இருந்து ஆரம்பிச்சாங்க. அதுதான் மருந்து. மத்ததெல்லாம் மேல சுத்தின கவர்.

அந்த அம்மாகிட்ட, "உங்க தெருவுல இல்லம் தேடிக் கல்வி நடக்குதா?"ன்னு கேட்டேன்.

"நடக்குது சார். அது சின்னப் பசங்களுக்கு. காசு வாங்காம சொல்லித் தர்றாங்க, அதுல என்ன வந்துரப் போகுது..."

இலவசம்னா தரம் இருக்காதுன்னு நாம எல்லாருமே நினைக்கிறோம். நானும்தான்.

போய்ப் பாக்கச் சொன்னேன். அங்க சொல்லிக் கொடுத்தது பி.எஸ்சி. முடிச்சுட்டு கைக்குழந்தையோட வீட்டுல இருந்த ஒரு பொண்ணு. வீட்டுத் திண்ணைதான் கிளாஸ். அந்த அக்கா முதல் நாள் புத்தகத்தையே எடுக்கலயாம். பத்து கழித்தல் கணக்கு போடச் சொல்லி, ஒவ்வொண்ணையும் எப்படிப் போட்டன்னு வாயால சொல்லச் சொல்லியிருக்காங்க. அவ்வளவுதான். அரை மணி நேரத்துல கோளாறு பிடிபட்டுடுச்சு.

அப்புறம் தீக்குச்சிய பத்துப் பத்தா ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, ஒரு கட்டப் பிரிச்சாதான் சில்லறை வரும்னு காட்டியிருக்காங்க. பூ கட்டுற வீட்டுப் பிள்ளைக்கு அது போதாதா? கழித்தலுக்கு மட்டும் பன்னெண்டு நாள். அதுக்கப்புறம்தான் வகுத்தல்.

இங்கிலீஷுக்குப் பெருசா ஒண்ணும் இல்ல. மேத்ஸ் புக்குல திரும்பத் திரும்ப வர்ற வார்த்தைகளா பாத்து, ஈச், டோட்டல், ரிமெய்னிங், ஹவ் மெனி மோர், ஷேர் ஈக்வலி, தினம் அஞ்சு. ஒவ்வொண்ணுக்கும் வீட்டு மொழியில ஒரு உதாரணம். அப்புறம் மூணாம் வகுப்பு இங்கிலீஷ் புத்தகத்துல ஒரு பக்கம், சத்தமா. ஏழாவது பொண்ணு மூணாவது புக் படிக்க வெக்கப்பட்டுச்சு. அக்கா சின்னப் பசங்களைச் சுத்தி உக்கார வச்சு, "நீ இவங்களுக்குப் படிச்சுக் காட்டு"ன்னுட்டாங்க. வெக்கம் போச்சு.

காலாண்டுல மேத்ஸ் 17 மார்க். அப்ப அவங்க அப்பா என்கிட்ட வந்து, "எட்டாவதோட நிறுத்திடலாம் சார், அம்மா கூட நர்சரிக்கு வரட்டும், பணம் கட்டியும் ஏறல"ன்னு சொன்னாரு. கோபமா சொல்லல. சி ஷிப்ட் முடிச்சுத் தூங்காம வந்த மனுஷன், களைச்சுப் போய்ச் சொன்னாரு. அரையாண்டு வரைக்கும் டைம் கொடுங்கன்னு கெஞ்சினேன்.

அரையாண்டுல 48.

வயிற்று வலி அக்டோபர்லயே நின்னுடுச்சு. எந்த மருந்தும் கொடுக்கல.

சரி, உங்க வீட்டுக்கு வருவோம். டியூஷனையும் ஒரு மருந்து மாதிரி பாருங்க.

முதல்ல பரிசோதனை. டியூஷன் ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடி பிள்ளையோட கண்ணைச் செக் பண்ணுங்க. போர்டு தெரியாத பிள்ளைக்கு எத்தனை டியூஷன் வச்சும் பலன் இல்ல. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண்ணாடி இலவசமாவே கிடைக்கும். காது கேக்குதான்னு பாருங்க. வெளுத்துப் போய், எப்பவும் சோர்வா இருந்தா ஹீமோகுளோபின் பாருங்க. ரத்தசோகை இருந்தா கவனம் நிக்காது. எவ்வளவு சொல்லிக் கொடுத்தும் எழுத்து மாறி மாறி வருது, வாசிக்கவே வரலன்னா கற்றல் குறைபாடு இருக்கலாம். அது சோம்பேறித்தனம் இல்ல. 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் சட்டத்திலேயே அது சேர்க்கப்பட்டிருக்கு. பரீட்சையில கூடுதல் நேரம் மாதிரி சலுகைகள் உண்டு.

அடுத்தது, டியூஷனைத் தேர்ந்தெடுக்கறது. ஃபீஸ் கேக்கறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. ஒரு பேட்ச்ல எத்தனை பேர்? என் பிள்ளைய எந்த இடத்துல இருந்து ஆரம்பிப்பீங்க? ஒரு மாசம் கழிச்சு, என் பிள்ளை எதுல தப்பு பண்ணுதுன்னு சொல்ல முடியுமா? மூணாவது கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிஞ்சவங்ககிட்ட தைரியமா அனுப்புங்க. "நல்லா படிக்குது, கவனம்தான் பத்தல"ன்னு பொதுவா சொன்னா யோசிங்க.

அளவு. தினம் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் போதும். ஸ்கூல் விட்டு வந்ததும் ஏதாவது சாப்பிட்டு, கொஞ்சம் விளையாடிட்டுப் போகட்டும். 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேணும். பதின்வயதில் 8 முதல் 10. படிச்சது மூளையில பதியறது தூக்கத்துலதான்.

பக்க விளைவு இல்லாத மருந்து கிடையாது. தென்கொரியாவுல 1980ல் தனி டியூஷனையே தடை பண்ணாங்க. 2000ல் அந்தத் தடை சட்டப்படி செல்லாதுன்னு கோர்ட் சொல்லிடுச்சு. அப்புறமும் சியோல்ல ராத்திரி பத்து மணிக்கு மேல டியூஷன் சென்டர் நடத்தக் கூடாதுன்னு கட்டுப்பாடு கொண்டு வர வேண்டியிருந்தது. நம்ம ஊரு அந்தப் பக்கம் போக வேண்டாம்.

அப்புறம் காலம். மருந்துன்னா ஒரு நாள் நிறுத்தணும். பிள்ளை வகுப்போட சேர்ந்து ஓட ஆரம்பிச்சதும் டியூஷனை நிறுத்திப் பாருங்க. பத்து வருஷமா தொடர்ந்தா அது ஊன்றுகோல் ஆயிடும்.

ஒண்ணு மட்டும் மனசாட்சியோட சொல்லணும். அப்பா பி ஷிப்ட், அம்மா கார்மென்ட்ஸ்னு போற வீட்டுல, டியூஷன்ங்கிறது படிப்பு மட்டும் இல்ல. அந்த ரெண்டு மணி நேரம் பிள்ளை பத்திரமா ஒரு இடத்துல இருக்கு. அதுக்கும் சேத்துத்தான் அந்த அறுநூறு. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நான் சொல்றது, அனுப்புங்க, ஆனா மாசம் ஒரு தடவை நோட்டத் திறந்து பாருங்க.

"எங்களுக்குப் படிக்கத் தெரியாதே சார்"ம்பீங்க. தெரிய வேண்டாம். சிவப்பு எக்ஸ் போட்ட கணக்க மட்டும் காட்டச் சொல்லி, "இத எப்படிப் போட்ட?"ன்னு உங்க வீட்டு மொழியில கேளுங்க. அது சொல்றத முழுசா கேளுங்க. இங்கிலீஷ் பாடத்த ஒரு பக்கம் சத்தமா படிக்கச் சொல்லி, என்ன புரிஞ்சுதுன்னு தெலுங்குலயோ கன்னடத்துலயோ தமிழ்லயோ சொல்லச் சொல்லுங்க. சொல்ல முடியலன்னா புரியல. பதினஞ்சு நிமிஷம். இவ்வளவுதான்.

அந்தப் பொண்ணு இந்த வருஷம் பத்தாவது. முதல் ரேங்க் எல்லாம் இல்ல. இங்கிலீஷ் இன்னும் கஷ்டம்தான், கட்டுரை எழுதச் சொன்னா திணறுது. ஆனா மேத்ஸ்ல பயம் இல்ல. சாயங்காலத்துல தெருப் பிள்ளைங்க நாலஞ்சு பேரைத் திண்ணையில உக்கார வச்சு அது சொல்லிக் கொடுக்குதாம்.

போன மாசம் இருமலுக்கு வந்துச்சு. மருந்து எழுதிட்டு, சும்மா கேட்டேன்: "உன்கிட்ட படிக்கிற பசங்க கணக்க தப்பா போட்டா என்ன பண்ணுவ?"

"முதல்ல ஏன்னு கேப்பேன் சார்"னு சொல்லிச்சு.

இப்பல்லாம் என் கிளினிக்ல ஸ்கூல் பிள்ளை யாராவது வயிறு வலின்னு வந்தா, வயித்துல கை வைக்கிறதுக்கு முன்னாடியே, எந்தெந்தக் கிழமை வலிக்குதுன்னு கேக்கறேன்.